கண்டேன் என்று அமுக்கியவள்

நூற்று எழுபத்தொன்றாம் நாள் காலை ஏழரை மணி ஆகியும் எப்சிபாவின் நெஞ்சுப்பட்டை சூடாகவில்லை. தையல் மேசைமேல் கிடந்த உள்ளங்கை அகலக் கருவியில் "கண்டேன்" என்று பச்சையிலும் "காணவில்லை" என்று சிவப்பிலும் இரண்டு பொத்தான்கள் அவளுக்காகக் காத்திருந்தன. அவள் ரவிக்கைக்கு மேலாகப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு, ஆளே இல்லாத வீட்டில் யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பச்சையை அமுக்கினாள்.

பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு முதல் பொய்க்குத்தான் கை நடுங்கும். எப்சிபாவுக்கு இது இருபத்திரண்டாவது. அமுக்கிய கையாலேயே ஊசியில் நூல் கோத்தாள்.

எப்சிபா தூத்துக்குடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறவள். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று ஊர் கவலைப்படுவதையும் நிறுத்திவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் காசநோய் வந்து, ஆறு மாதத்தில் முடிய வேண்டிய வைத்தியத்தை அவளே இழுத்தடித்து ஒன்பது மாதமாக்கி, ஒருவழியாகப் பிழைத்து எழுந்தாள். அப்போதெல்லாம் மாத்திரை தின்பதைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவள் கேமராவுக்கு முன்னால் ஆ காட்டி விழுங்குகிற மாதிரி விழுங்கிவிட்டு, கொல்லையில் போய்த் துப்பியிருக்கிறாள். அவளைப்போல் துப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால்தான் நெஞ்சுப்பட்டை என்ற ஒன்றே வந்தது.

குணமானவர்களை நோயாளிகளுக்குத் துணையாகப் போடுகிற காசநோய்த் துணை மையத்தில் இதை அவளுக்கு விளக்கியவர் தளவாய். அவரும் அந்த நோயில் விழுந்து எழுந்தவர்தான். வலது நெஞ்சில் பாதி வேலை செய்யாது, வாய் மட்டும் முழுசாக வேலை செய்யும்.

"மெஷினை ஏமாத்துனா மனசு உறுத்தாது. மனுஷியை ஏமாத்துனா உறுத்தும். அதான் இந்த ஏற்பாடு" என்றார் முதல் நாள் வகுப்பில். "மாத்திரையில உப்புக்கல் அளவுக்கு ஒரு மணி ஒட்டியிருக்கும். வயித்துல அது கரைஞ்ச உடனே நோயாளி போட்டிருக்க பட்டைக்குத் தெரியும். அங்கேருந்து உங்க பட்டை சூடாகும். ஆனா எந்தப் பதிவேட்டுலயும் அது தானா ஏறாது. நீங்க 'கண்டேன்'னு அமுக்குனாத்தான் ஒரு நாள் ஏறும். நூத்தி எண்பது நாள் ஏறுனா வைத்தியம் முடிஞ்சுது. சாட்சி நீங்கதான்."

"அமுக்காம விட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சிவப்பை அமுக்கணும். ஒரு மாசத்துல மூணு சிவப்பு விழுந்தா துணையை மாத்திருவோம். நோயாளியைத் திட்ட மாட்டோம், உங்களைத்தான் மாத்துவோம். முடிஞ்சப்புறம் ரெண்டு பேருக்கும் தொடர்பு கிடையாது. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது."

"ஏன் சார் அப்படி?"

"பேர் தெரிஞ்சா தெரு தெரியும். தெரு தெரிஞ்சா சாதி தெரியும். அப்புறம் வீட்டுக்காரன் காலி பண்ணுங்கம்பான், பிள்ளைக்குப் பாத்த சம்மந்தம் நின்னு போவும். நோயைவிட இதுக்குப் பயந்துதான் ஜனங்க ஆஸ்பத்திரி பக்கமே வராம இருந்தாவ."

ஆகவே பேச்சு வரும், குரல் வராது. இயந்திரம் எல்லாக் குரலையும் இஸ்திரி போட்டு அனுப்பும். ஆணா பெண்ணா, சின்ன வயசா பெரிய வயசா, நெல்லைப் பேச்சா கொங்குப் பேச்சா, எதுவும் மிஞ்சாது. செய்தி வாசிக்கிற மாதிரி ஒரே தமிழ். பெயரையோ ஊரையோ யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் ஒரு மணிச்சத்தம் மட்டும் கேட்கும். அக்கா, அத்தை, மாமா, மைனி என்று எப்படிக் கூப்பிட்டாலும் மறுபக்கம் "துணையே" என்றுதான் வந்து சேரும். மாற்றாமல் விட்டது மூச்சு ஒன்றைத்தான். மூச்சை மாற்றினால் நோய் எப்படிப் போகிறது என்று தெரியாதல்லவா? அது மட்டும் பட்டை வழியாக, அங்கே நெஞ்சு ஏறி இறங்குவதுபோலவே இங்கேயும் மெல்ல ஏறி இறங்கும்.

குணமான அன்று என்ன தின்ன ஆசையோ அதன் பெயரை நோயாளிகள் வைத்துக்கொள்வது மையத்து வழக்கம். எப்சிபாவிடம் வந்தது ஒரு கொடுக்காப்புளி.

"வணக்கம், துணையே. மக்ரூன் என்ற பெயரை ஏற்கெனவே மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள். ஆகையால் நான் கொடுக்காப்புளி" என்றது இயந்திரக் குரல்.

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. "அதுல என்னத்த இருக்கு ஆசைப்பட?"

"மரத்தில் ஏறிப் பறிக்க வேண்டும். இப்போது மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது."

ஆணென்றும் பெண்ணென்றும் தெரியாததால் அவள் மனசுக்குள் "அது" என்றே வைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையையும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

இரண்டாம் நாளே அது பதறிப்போய்ப் பேசியது. "எனக்குச் சிறுநீர் ரத்தமாகப் போகிறது, துணையே. நான் இறந்துவிடுவேனா?"

"ரத்தமில்ல, அது மாத்திரையோட நிறம். ஆரஞ்சாத்தான் போவும், மருந்து முடிஞ்சா மாறிரும். இதைச் சொல்லித்தர எனக்கு ஆள் இல்ல, கக்கூஸ்ல உக்காந்து நான் வச்ச ஒப்பாரி தெரு முழுக்கக் கேட்டுச்சு. ஆனா கண்ணு மஞ்சளா மாறுனாலோ, சோத்தைக் கண்டாலே வெறுத்து வாந்தி நிக்காம வந்தாலோ, அது வேற. அன்னைக்கே டாக்டரைப் பாரு."

குரலில் சிரிப்பு வராது, இஸ்திரியில் அது போய்விடும். ஆனால் பட்டையில் மூச்சு மூன்று தடவை குலுங்கியது. அது சிரித்ததை எப்சிபா நெஞ்சால் தெரிந்துகொண்டாள்.

இன்னொரு நாள், "வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார்கள்" என்றது.

"தட்டுல டம்ளர்ல ஒட்டாது இது. இருமுற காத்துலதான் பரவும். வாயை மூடி இருமு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு, பரவாதுன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் முகக்கவசம் போடு. தட்டைப் பிரிச்சா மனுசங்கதான் பிரிவாங்க, கிருமிக்கு ஒண்ணும் ஆவாது. இதை உங்க வீட்டுல சொல்லு. சொல்ல வரலன்னா நான் சொன்னதை ஒரு தாளுல எழுதி அடுப்பங்கரையில ஒட்டு."

இப்படியே நாள் போயிற்று. அதன் மூச்சில் ஒரு தட்டல் உண்டு. உள்ளே இழுக்கிற மூச்சு முடிகிற இடத்தில், நூல் முடிச்சில் ஊசி தட்டி ஒரு கணம் நின்று இறங்குமே, அதேபோல. எப்சிபா காலையில் மிஷினில் உட்கார்ந்தால் அந்தத் தட்டலுக்கு ஏற்ப மிதிப்பாள். காலர் தைக்கும்போதும் காஜா எடுக்கும்போதும் நெஞ்சோடு இன்னொரு நெஞ்சு இருந்தது. அண்ணன் கிறிஸ்துமஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்வதைத் தவிர அந்த வீட்டுக்குள் பேச்சென்று எதுவும் வந்து ரொம்ப வருஷமாகியிருந்தது. அவளுக்கு அந்த மூச்சின்மேல் கொள்ளை ஆசை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

நான்காம் மாதம் தட்டல் குறைந்தது. பிறகு ஒருநாள் இல்லவே இல்லை. மூச்சு ஒரே சீராக ஏறி, ஒரே சீராக இறங்கியது. "நெஞ்சு சுத்தமாவுது எப்சிபா, நல்ல வேலை பாத்திருக்கிய" என்று தளவாய் மெச்சிக்கொண்டார். அவளும் சந்தோஷப்பட்டாள், படாமல் இருப்பாளா. ஆனாலும் மிஷினை மிதிக்கும்போது கால் அந்தத் தட்டலுக்காக ஒரு கணம் நின்றது. இனி இரண்டு மாதம்தான் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளைக் கடித்தது.

அதே மாதத்தில் வாந்தியால் இரண்டு சிவப்பு விழுந்திருந்தது. மூன்றாவது குளிர்ந்த காலை ஒரு திங்கட்கிழமை வந்தது.

"இன்று வீட்டில் திருமணம், துணையே. மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் மாத்திரை டப்பாவைத் திறக்க வெட்கமாக இருந்தது. அப்படியே விட்டுப்போயிற்று."

மூன்றாவது சிவப்பு விழுந்தால் இந்த மூச்சு வேறு யாருக்கோ போய்விடும். எப்சிபா, ஒருநாள்தானே, ஒருநாளில் என்ன குடி முழுகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பச்சையை அமுக்கினாள்.

அடுத்த வாரம் இன்னொரு நாள் விட்டுப்போயிற்று. காரணம் இருந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு நாள், அதற்கும் காரணம் இருந்தது. செய்தி வாசிக்கிற குரலில் சொன்னால் எந்தப் பொய்யும் உண்மை மாதிரியே கேட்கிறது. அவள் திட்டினாள், கெஞ்சினாள், "இனிமே விட்டா உங்கூடப் பேசவே மாட்டேன் பாத்துக்கோ" என்று மிரட்டினாள். மிரட்டிவிட்டுப் பச்சையை அமுக்கினாள்.

இப்படி இருபத்திரண்டு.

அந்த நூற்று எழுபத்தொன்றாம் நாள் காலை பத்து மணிவாக்கில் அவள் ஒரு பாவாடைக்குக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் மூச்சு ஏறியது. ஏறி முடிகிற இடத்தில் தட்டியது.

மிஷின் நின்றது. அவள் துணியைக் கையில் பிடித்தபடியே அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். மறுபடியும் தட்டல். அதே முடிச்சு, அதே ஒரு கணம்.

"வந்துட்டியா மக்கா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே அவளுக்கு உடம்பு சில்லிட்டது. வந்தது என்ன? வந்தது நோய். நோய் திரும்பி வந்ததற்கு அவள் சிரித்திருக்கிறாள். கையிலிருந்த பாவாடை கீழே விழுந்தது. தன்னை இப்படி அவள் அதற்கு முன் வெறுத்ததில்லை.

உடனே பேச்சைத் திறந்தாள். "கொடுக்காப்புளி, உண்மையைச் சொல்லு. நீ மறந்து விட்டியா, வேணும்னு விட்டியா?"

பட்டையில் மூச்சு அப்படியே நின்றது. பிறகு செய்திக் குரல் நிதானமாகச் சொன்னது: "வேண்டுமென்றுதான், துணையே."

"ஏன்?"

"நூற்று எண்பது நாள் முடிந்தால் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். மாத்திரையைத் தள்ளிப்போட்டால் முடிவும் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். எத்தனையாவது நாள் என்று எங்களுக்குக் காட்டுவதில்லை. ஆனால் நான் எண்ணிக்கொண்டே வருகிறேன். இன்று நூற்று நாற்பத்தொன்பதில் நிற்கிறேன். இன்னும் ஒரு மாதம் உங்களோடு இருக்கலாம்."

"ஒரு மாசமில்ல" என்றாள் எப்சிபா. "ஒம்பது நாள். நான் நூத்தி எழுபத்தொண்ணுன்னு எழுதி வச்சிருக்கேன்."

"எப்படி? நான் விழுங்காத நாளில் உங்கள் பட்டை குளிர்ந்திருக்குமே."

"குளிர்ந்துதான் இருந்துச்சு."

மறுபடியும் மூச்சு நின்றது. எப்சிபா அழாமல் பேசப் பார்த்தாள். "விட்டுவிட்டுத் தின்னா கிருமி மருந்துக்குப் பழகிரும்னு சொல்லித் தந்தேன்லா? பழகிட்டா இந்த மாத்திரை கேக்காதுன்னு சொன்னேன்லா?"

"சொன்னீர்கள். நானும் பயந்தேன். முதல்முறை விட்டபோது மையத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பத்து முறை விட்டும் கூப்பிடவில்லை. ஆகவே ஆபத்து ஒன்றும் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்."

அந்த வார்த்தை எப்சிபாவை அறைந்தது. எச்சரிக்கை மணி அடிக்க வேண்டியவள் அவள். அடிக்காமல் இருந்ததை அது அனுமதி என்று எடுத்துக்கொண்டது. அது, நாட்களை நீட்டுவதற்காக மாத்திரையை விட்டது. இவள், அதைப் பறிகொடுக்காமல் இருப்பதற்காக விழுங்கியதாகவே எழுதினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் ஒன்பது நாளில் குணமாகாத நெஞ்சுக்குக் குணமென்று சான்று போயிருக்கும்.

"வீட்டில் எல்லோரும் என் இருமலைத்தான் கேட்டார்கள், துணையே" என்றது குரல். "மூச்சைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்."

எப்சிபா பேச்சை மூடிவிட்டு, அடுத்த பஸ்ஸில் மையத்துக்குப் போனாள்.

தளவாய் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டார்.

"இருபத்திரெண்டா?"

"ஆமா சார்."

"ஒம்பது நாள் கழிச்சு நான் குணம்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். அது வீட்டுக்குப் போயி, பிள்ளைகளைக் கொஞ்சி, நாலு பேருக்குக் கொடுத்து, அப்புறம் மருந்து கேக்காத நோயா திரும்பி வந்திருக்கும். தெரியுமா உங்களுக்கு? தெரியும். நீங்கதானே அதுக்கே பாடம் சொன்னிய!"

"தெரியும் சார்."

"பின்ன ஏன் செஞ்சிய?"

"மூணு சிவப்பு விழுந்தா மாத்திருவிய. அந்த மூச்சை வேற யாருக்கோ கொடுத்திருவிய. எனக்குத் தாங்காதுன்னு பட்டுச்சு."

தளவாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் திட்டவில்லை. "மனுஷியை ஏமாத்துனா உறுத்தும்னு நினைச்சு இதைச் செஞ்சோம். மனுஷி பிரியத்துல பொய் சொல்லுவான்னு ஒருத்தனுக்கும் தோணல" என்றார். "உக்காருங்க. இன்னைக்கே அதைக் கூப்பிட்டுச் சளி எடுக்கணும். மருந்துக்கு அடங்குதான்னு பாக்கணும். வைத்தியம் திரும்ப முதல்லருந்து. வேற துணை போடணும். உங்க பட்டையைக் கழத்தி வச்சிட்டுப் போங்க."

"அது பிழைக்குமா சார்?"

"சளியில பாத்தாத்தான் தெரியும்."

"பேரு மட்டும்..."

"கேக்காதிய எப்சிபா."

அவள் கேட்கவில்லை. பத்து நிமிஷம் பேச மட்டும் விட்டார். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். இனி வேறொருவர் வருவார், அவரிடம் ஒரு நாள்கூட விடக்கூடாது, ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் இன்றே போக வேண்டும் என்று சொன்னாள். மறுபக்கம் மூச்சு தாறுமாறாக ஏறி இறங்கியது. தட்டல் வேகமாகக் கேட்டது.

"நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றது குரல்.

"இருந்திருந்தா நீ செத்துப்போவ."

"என் பெயரைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள். நான்..." மணி அடித்தது. "என் வீடு..." மணி அடித்தது. "அந்தத் தெருவில் இறங்கி..." மணி. அது விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. எப்சிபாவுக்குக் கேட்டதெல்லாம் மணிதான், பூசை நேரத்துக் கோயில் மாதிரி ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு மணிக்குப் பின்னாலும் ஒரு பெயரோ, ஒரு கதவோ, ஒரு பஸ் ஸ்டாப்போ இருந்தது. அவள் காதைக் கொடுத்து அத்தனையையும் கேட்டாள்.

"போதும் மக்கா" என்றாள் கடைசியில். "இன்னைக்கு மாத்திரை கையில இருக்கா? தின்னு. நான் இருக்கும்போதே தின்னு."

பட்டை சூடாயிற்று. தளவாய் கருவியை நீட்டினார். அவள் "கண்டேன்" என்று அமுக்கினாள்.

"துணையே" என்றது குரல். அக்கா என்றதா, சித்தி என்றதா, அம்மா என்றதா, தெரியாது. அதோடு முடிந்தது. பட்டையைக் கழற்றிய இடத்தில் நெஞ்சு தன் மூச்சுக்கு மட்டும் அசைந்தது. அது போதாத மூச்சாக இருந்தது அவளுக்கு.

சில வாரம் கழித்துத் தளவாய் போனில் சொன்னார். "மருந்துக்கு இன்னும் அடங்குது. நல்ல காலம். அவ்வளவுதான் சொல்லுவேன்."

துணை வேலை போனது. ஆனால் மையத்துக் கூடத்தில் நோயாளிகளுக்கு நேரில் பாடம் எடுக்க ஆள் இல்லாமல் இருந்தது. முகத்தைக் காட்டிப் பேச யாரும் துணிவதில்லை. "முகத்தை மறைக்காம நின்னு பேசுவியளா?" என்று தளவாய் கேட்டார். எப்சிபா சரியென்றாள். புதன்கிழமைதோறும் போய் நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே பயந்த கண்களாக உட்கார்ந்திருப்பவர்களிடம் முதலில் தன் பெயரையும் தெருவையும் சொன்னாள். பிறகு அந்த இருபத்திரண்டு பொய்களைச் சொன்னாள். "நல்லா ஆயிட்டுன்னு நீங்களே முடிவு பண்ணி நிறுத்தாதிய. உங்க துணை மேல பிரியப்பட்டும் நிறுத்தாதிய, அவங்களுக்காகவும் தின்னாதிய. உங்களுக்காகத் தின்னுங்க." ஜனங்கள் அதைக் கவனமாகக் கேட்டார்கள்.

வீட்டில் மட்டும் ஒன்றும் சரியாக வரவில்லை. காஜா கோணியது. மிஷினை மிதிக்கிற கால் எங்கோ பார்த்து நின்றது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும், கோவிலில் முழங்காலிடும்போதும் பக்கத்தில் இருப்பவர் மூச்சை அவள் காது தேடிப் போனது. ஒருநாள் மீன் மார்க்கெட்டில் ஒருவருக்கு இழுக்கிற மூச்சின் முடிவில் தட்டியது. எப்சிபா சாளையை வாங்காமல் தெருக்கோடி வரை அவர் பின்னாலேயே போனாள். அவர் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்றார். "உங்களுக்கு நெஞ்சுல ஏதும்..." என்று இழுத்தாள். "ஆஸ்துமா. சின்னப் பிள்ளையில இருந்து" என்று முறைத்துவிட்டுப் போனார். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் தேடுவதை அவளால் நிறுத்த முடியவில்லை.

ஆறு மாதம் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்புக்கு ஆள் கணக்குக் கொடுக்க வந்தவளிடம் தளவாய் பேனாவைத் திருகிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு முடிவுச் சான்று வாங்குற நாள். வைத்தியம் முடிஞ்ச பத்தொம்பது பேர் மட்டும் வாராவ. அதுல உங்க ஆளும் உண்டு. யாருன்னு எனக்குத்தான் தெரியும், சொல்ல மாட்டேன்."

புதன்கிழமை எப்சிபா இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். பத்தொன்பது பேர். கல்லூரிப் பையோடு ஒரு பெண். காக்கிச் சட்டை டிரைவர். கைக்குழந்தையை மடியில் போட்டிருந்த ஒருத்தி. வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர். தலைக்கு முக்காடிட்ட ஒருத்தி. மீசை முளைக்காத ஒருவன், மீசை நரைத்த ஒருவர். யாராகவும் இருக்கலாம்.

அவளுக்கு ஒரு வழி இருந்தது. வழக்கமாகச் சொல்கிற இருபத்திரண்டு பொய்களைச் சொன்னால் போதும். அந்த ஒருவர் தானாக எழுந்து வந்துவிடுவார். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எழுந்து வந்தால் மற்றப் பதினெட்டுப் பேருக்கும் தெரிந்துபோகும், இதுதான் அந்த ஆள் என்று. முகத்தை மறைத்துப் பிழைக்க வந்தவரை நடுக்கூடத்தில் நிறுத்த அவளுக்கு என்ன உரிமை? அன்றைக்கு அவள் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

"எல்லாரும் ஒருதடவை நல்லா மூச்சை இழுங்க" என்றாள். இது பாடத்தில் உள்ளதுதான். "நிறுத்துங்க. மெதுவா விடுங்க. நான் சொல்ற வரைக்கும் செய்ங்க."

கூடம் ஏறி இறங்கியது. அவள் வரிசை வரிசையாக நடந்தாள். கல்லூரிப் பெண்ணின் பக்கத்தில் நின்றாள், தட்டல் இல்லை. டிரைவரிடம் இல்லை. மடியில் குழந்தையோடு இருந்தவளிடம், பெரியவரிடம், முக்காட்டுக்காரியிடம், ஒருவரிடமும் இல்லை. கடைசி ஆள் வரை போய்விட்டாள். அத்தனை ஆசையும் சரிந்து காலடியில் விழுந்தது. வரவில்லை போலிருக்கிறது.

வாசலில் நின்ற தளவாயைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினார். "பத்தொம்பதும் வந்தாச்சு."

எப்சிபா திரும்பக் கூடத்தின் முன்னால் வந்து நின்றாள். "இன்னொரு தடவை இழுங்க" என்றாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, தட்டல் கேட்டுவிடக் கூடாதே, கேட்டுவிடக் கூடாதே என்று கேட்டாள். பத்தொன்பது பேரின் மூச்சும் ஒன்றாக ஏறியது. தட்டாமல் இறங்கியது.

முன்வரிசையிலிருந்த குழந்தைக்காரி கேட்டாள், "ஏங்க்கா அழுவுதிய?"

"ஒண்ணுமில்லம்மா" என்று எப்சிபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் நல்லா மூச்சு விடுதிய."

தளவாய் உள்ளே வந்து, முடிவுச் சான்று வாங்கிக்கொள்ள முதல் எண்ணைக் கூப்பிட்டார்.